ஆள் தேடும் பாய்மரங்கள்

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எவரோ ஒரு வெளிநாட்டுக்காரர் படகில் பாய் இழுக்கப் போகிறான் என்றால் செக்காலை ரோடு டீக்கடைக்கு அது ஒரு வாரத்துக்குத் தாங்கும் செய்தி. "கப்பல் வேலையாண்ணே? எவ்வளவு தருவான்?" என்பார்கள். தரமாட்டான், சாப்பாட்டுச் செலவில் என் பங்கை நான்தான் தரணும் என்று சொன்னால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். எங்கம்மா இன்னும் நேராகக் கேட்டது: "சம்பளமும் தரமாட்டாங்குற, சோத்துக்கும் நீயே காசு குடுக்கணுங்குற. வாந்தி எடுக்கவா இம்புட்டுத் தூரம் போறே?"

அம்மாவுக்கு இன்றுவரை சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் கடைக்கு வருகிற பையன்களில் நாலைந்து பேர், பாலிடெக்னிக் முடித்தவர்கள், ஒரு பெண் உட்பட, "எனக்கும் வழி சொல்லுங்கண்ணே" என்று நிஜமாகவே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதிவிடலாம்.

பாய்மரம் என்றதும் ஒலிம்பிக் போன சென்னைப் பெண் நேத்ரா குமணனைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே கடைசியில் அதே கோவாவுக்குத் திரும்பிய கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவரையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ரூபா புதுச்சேரிக்காரர். அதெல்லாம் பல வருஷப் பயிற்சி. நான் பேசுவது அந்த உயரத்தைப் பற்றி இல்லை. படகு வேறொருவருடையது, முடிவும் அவருடையது, நாம் அதில் ஓர் ஆள். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து நாற்பது அடி நீளத்தில் சொந்தமாகப் பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு நாடு நாடாகப் போகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புருஷன் பெண்டாட்டிகள் அதில் அதிகம். கரையை ஒட்டி, பகலில் ஓட்டி ராத்திரி நங்கூரம் போடுகிறவரைக்கும் அவர்களுக்கு யாரும் தேவையில்லை. நடுக்கடலைத் தாண்டும்போதுதான் சிக்கல். மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் கிட்டத்தட்ட 1,200 கடல் மைல். இந்த மாதிரிப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போனால் ஒரு நாளைக்கு 120. பத்து நாள் ராத்திரியும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கணும். நடுக்கடலில் நங்கூரம் போட்டுத் தூங்க முடியாது.

அப்படியானால் யாராவது ஒருத்தர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத்தான் மாற்று இல்லை. அடிவானத்தில் புள்ளியாகத் தெரிகிற சரக்குக் கப்பல் அரை மணிக்குள் தலைமேல் வந்து நிற்கும். அதன் மேல்தளத்தில் இருப்பவர் நம் சிறு விளக்கைப் பார்த்திருப்பார் என்று நம்பிப் படுக்க முடியாது. ரெண்டே பேர் இருந்தால் மூணு மணி நேரம் ஒருத்தர், மூணு மணி நேரம் இன்னொருத்தர் என்று மாறி மாறி, ஐந்தாம் நாள் ரெண்டு பேரும் கண் சிவந்து, கடுகு தாளித்தாற்போல வெடித்துக்கொண்டிருப்பார்கள். மூணாவதாக ஓர் ஆள் ஏறினால் மூணு மணி நேரக் காவலுக்கு ஆறு மணி நேரத் தூக்கம். சில காப்பீட்டு நிறுவனங்கள் பெருங்கடல் தாண்டுவதற்கு இத்தனை பேர் இருந்தால்தான் ஆச்சு என்று கட்டாயமே போடுகின்றன.

ஆகவே படகுக்காரர் தேடுவது உங்களையும் என்னையும் மாதிரி ஒரு மூணாவது ஆளை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். பையன்கள் என்னிடம் "பாய் கட்டத் தெரியணுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ரெண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினால் முனகாமல் எழுந்திருக்கத் தெரியுமா, சந்தேகம் வந்தால் தூங்குகிற கேப்டனை எழுப்பக் கூச்சப்படாமல் இருப்பீர்களா, பத்துக்குப் பதினொண்ணு அடி இடத்தில் மூணு பேர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியுமா என்பதெல்லாம் அதைவிட முக்கியம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று கோபித்துக்கொண்டு போய் உட்கார இடம் இருக்கிறது. படகில் கோபித்துக்கொண்டு போவதற்குக் கழிப்பறை மட்டும்தான், அதிலும் கால் நீட்ட முடியாது.

அடுத்தது, கையில் என்ன தொழில் இருக்கிறது என்பது. இதை யாரும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை.

பினாங்கில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனவன், முடிந்ததும் கோலகெடாவிலிருந்து ஃபெரி பிடித்து லங்காவி போனேன். அங்கே சுற்றுப்பயணப் படகுகள் கட்டி நிற்கும் துறையில், மரீனா என்பார்கள், சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஒரு படகின் முன்பக்கம், நம் தொண்டிக்காரர்கள் அணியம் என்பார்களே, அங்கே ஒரு பெரியவர் குப்புறப் படுத்துக்கொண்டு நங்கூரம் தூக்கும் மோட்டாரை முறைத்துக்கொண்டிருந்தார். பட்டனை அமுக்கினால் டக்கென்று ரிலே சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். 12 வோல்ட் டிசி மோட்டார். உப்புக்காற்றில் கார்பன் பிரஷ் அதன் கூட்டிலேயே துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் தள்ளினாலும் நகராது. "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றேன். மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சையும் கறுப்பும். பிரஷை நெம்பி எடுத்து, கூட்டைச் சுரண்டி, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புக்காகிதத்தால் தேய்த்து, செப்புப் பட்டைகளுக்கு நடுவிலிருந்த கரியை ஊசி முனையால் கீறி எடுத்து மாட்டினேன். அமுக்கியதும் சங்கிலி கடகடவென்று ஏறியது. அவர் வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து தலையை நீட்டி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். அன்று சாயங்காலம் பேச்சு சீசன், காற்று, இலங்கை என்று போய், "ஜனவரியில் வர முடியுமா?" என்பதில் நின்றது.

படகில் கெட்டுப்போகாத பொருளே கிடையாது. ஆல்டர்னேட்டர், பம்பு, பேட்டரி, சோலார், ஃபிரிட்ஜ், கழிப்பறை மோட்டார், எல்லாம் வரிசையில் நிற்கும். இப்போது பலர் லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பாதுகாப்புச் சுற்று சட்டென்று இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு அடிபட்டுவிடும். ஏன் அடிபடுகிறது என்று புரிந்தவன் படகில் ஒருத்தன் இருந்தால் கேப்டன் நிம்மதியாகத் தூங்குவார். காரைக்குடிக்காரர்களுக்கு இதில் ஒரு பாத்தியதை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. உலோகம் கடலில் எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு மண்டபத்தில் ஒரு சோதனை நிலையமே உண்டு. படகின் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். புரொப்பல்லரும் அதன் தண்டும் அரிக்காமல், தான் கரைந்து காப்பாற்றும். அந்தத் துத்தநாகம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை வைத்தே மரீனாவில் பக்கத்துப் படகிலிருந்து மின்கசிவு இருக்கிறதா என்று ஊகிக்கலாம். இதெல்லாம் கடலோரத்துக்காரனுக்குத் தெரியும், கடலில்லாத ஊர்க்காரனுக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

மோட்டார் தெரியாதா? தையல் தெரிந்தால் பாய் கிழிந்தால் தைக்கலாம். நர்ஸ் என்றால் வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுவார்கள். சமையல் தெரிந்தால் அதுவே பெரிய சொத்து.

சமையல் என்றதும் கோழி வறுவல் என்று நினைக்க வேண்டாம். அடுப்பு ஊசல் மாதிரித் தொங்கும், படகு சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே இருக்கும். நாம்தான் சாய்வோம். அதனால் கொதிக்கிற எண்ணெய் அங்கே எதிரி. அலை அதிகம் இருக்கும்போது மழைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டுதான் சமைக்கச் சொல்வார்கள், கொட்டினால் தொடை வெந்துவிடக் கூடாது என்று. மூடி பூட்டிக்கொள்ளும் பிரஷர் குக்கர்தான் அங்கே ராஜா. கேஸும் மிச்சம், கவிழ்ந்தாலும் கொட்டாது. நான் கொண்டுபோவது புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, வற்றல், சுண்டைக்காய், வெங்காய வடகம். ஃபிரிட்ஜ் நின்றுபோன நாலாம் நாளில், ரொட்டி பூத்து, காய் அழுகி, எல்லாரும் டின்னைத் திறக்க யோசிக்கும் நேரத்தில், சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து ஒரு வடகம் பொரித்து வைத்துப் பாருங்கள். எழுபது வயதுக்காரர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். உப்புக்கண்டம் ஒருமுறை எடுத்துப் போனேன், வாடைக்கு அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், தொண்டியில் தொடங்கச் சொல்வேன். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாக பஸ். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். அந்த வட்டாரக் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். வேறு நாளில் பாயை மறந்து எஞ்சினோடு போகிறவர்கள்கூட அன்று பழைய பாயை எடுத்துக் கட்டுவார்கள். பாக் விரிகுடாவில் வத்தை என்கிற பாய்மரப் படகுகளில் குறுக்கே ஒரு பலகை நீட்டியிருக்கும். காற்று அழுத்திப் படகு ஒரு பக்கம் சாயும்போது ஆட்கள் எதிர்ப்பக்கம் பலகையின் நுனிவரை ஏறிப்போய் உட்கார்ந்து சாய்வை நிமிர்த்துவார்கள். எவ்வளவு தூரம் போவது, எப்போது உள்ளே வருவது என்று யாரும் சொல்வதில்லை. காற்றைக் காது பார்த்துக்கொள்ளும். வாடையில் எப்படி ஓட்டுவது, கச்சான் என்கிற மேல்காற்றில் எப்படி ஓட்டுவது, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எப்போது விடுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. "கயித்தக் கையில சுத்தாத தம்பி, வெரலு போயிரும்" என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். பின்னால் எந்தப் படகில் ஏறினாலும் ஆங்கிலத்தில் முதல் பாடமாக அதையே சொன்னார்கள்.

ரெண்டாவது சென்னை. துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. தொடங்கியவர் மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கே பயிற்சி நடத்துகிறது. கிளப் என்றதும் நமக்குள் ஒரு கூச்சம் வரும். செருப்பு சரியில்லையோ, ஆங்கிலம் சரியில்லையோ என்று. ஆனால் வார இறுதிப் பந்தயத்துக்குப் படகுக்காரருக்கு ஜோடி வராமல் போய்விட்டால் அவர் உங்கள் செருப்பைப் பார்க்க மாட்டார். முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, நாலு பேருக்கு முகம் தெரிந்து, காலையில் நேரத்தோடு போய், படகை இறக்க ஒரு கை கொடுத்து, சாயங்காலம் கழுவவும் நின்றால் ஒரு மாதத்துக்குள் யாராவது கூப்பிடுவார்கள். கழுவாமல் கிளம்புகிறவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். இந்த விதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மூணாவது, நமக்குப் பக்கமான வெளிநாடு. இந்தியத் துறைமுகங்களுக்கு இந்தச் சுற்றுப்பயணப் படகுகள் அதிகம் வருவதில்லை, காகிதவேலை அலுப்பு. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி, இலங்கையின் காலி ஆகியவற்றில்தான் கூட்டம். நவம்பரில் போர்ட் கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை ராஜா மூடா பந்தயம். டிசம்பர் முதல் வாரத்தில் புக்கெட்டில் கிங்ஸ் கப். அது 1987-லிருந்து நடக்கிறது. ஜனவரியில் லங்காவிப் பந்தயம். பந்தயப் படகுகளுக்கு எப்போதும் ஆள் போதாது. கடைசி நேரத்தில் யாருக்காவது வயிற்றைக் கலக்கும், யாராவது முதல்நாள் ராத்திரி அதிகமாகக் குடித்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்குத் துறையில் தொப்பியோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் நிற்கிற ஆளுக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேலை என்னவென்றால் காற்று வருகிற பக்கத்து ஓரத்தில் கால் தொங்கப்போட்டு வரிசையாக உட்கார்ந்து படகை நிமிர்த்துவது, படகு திரும்பும்போது ஓடிப்போய் அந்தப் பக்கம் உட்காருவது. தொண்டிப் பலகையில் உட்கார்ந்தவனுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

பந்தயம் முடிந்ததும் அதே ஊர்களில் நீண்ட பயணத்துக்கு ஆள் தேடுவார்கள். வடகிழக்குக் காற்று நிலையாக வீசும் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் அங்கிருந்து மேற்கே, இலங்கை மாலத்தீவுப் பக்கம் கிளம்புகிற காலம். அப்புறம் ஐரோப்பாவுக்குப் போகச் செங்கடலா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா என்பது அந்தந்த வருஷத்து ஆபத்தைப் பொறுத்தது. முன்பு சோமாலியக் கொள்ளையர், 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. புதிதாக ஏறுகிறவர் அந்தப் பகுதியைத் தொட வேண்டாம், காலியில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஊருக்குக் கூப்பிடு தூரம்தான்.

தூரத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ரெண்டு இடம். ஸ்பெயினின் கேனரித் தீவில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் ஒரு படகுக் கூட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஏறத்தாழ 2,700 கடல் மைல், கரீபியனின் செயின்ட் லூசியாவுக்குப் போகிறது, 1986-ல் ஆரம்பித்தது. அக்டோபரிலேயே அங்கே முதுகுப்பையோடு பையன்களும் பெண்களும் துறை துறையாக நடப்பார்கள். இன்னொன்று பனாமாக் கால்வாய். அதைத் தாண்டுகிற ஒவ்வொரு சிறு படகிலும் கேப்டனைத் தவிரக் கயிறு பிடிக்க நாலு பேர் இருந்தே ஆகணும் என்பது விதி, ஒவ்வொருவருக்கும் 125 அடிக் கயிறு. புருஷன் பெண்டாட்டி மட்டும் போகிற படகு எங்கே போகும் நாலு பேருக்கு? கடலுக்குப் போகாமலேயே ஒரு படகில் ராத்திரி தங்கி, மனிதர்களைப் பார்த்துப் பழக அது நல்ல இடம் என்று போனவர்கள் சொல்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடைப்பதுதான் ரெண்டு இடத்திலும் முதல் மலை.

இணையத்தில் கேப்டனையும் ஆளையும் சேர்த்து வைக்கிற தளங்கள் உண்டு. க்ரூசீக்கர்ஸ், ஃபைண்ட் எ க்ரூ என்று சில பழையவை. கல்யாண மாலை மாதிரிதான்: ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். நீங்கள் கூட்டாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், நீச்சல் தெரியுமா, கடலில் குமட்டுமா, என்ன தொழில், என்ன சாப்பிடுவீர்கள், எந்த நாட்டு விசா கையில் இருக்கிறது. இந்த ஆறும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். திரும்பிப் போக வேண்டிய தேதி கல்லில் வெட்டியது மாதிரி இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், காற்று உங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்து வீசாது. கூலிங் கிளாஸ் போட்ட படத்தை விட்டுவிட்டு, கையில் ஸ்பானரோடு ஒரு படம் போடுங்கள். எனக்கு அது பலித்தது.

இத்தனையும் சொன்னாலும், முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் நூறு கடிதத்தைவிட ஒரு கேப்டன் இன்னொரு கேப்டனிடம் சொல்லும் ஒரு வார்த்தைதான் வேலை செய்கிறது. எங்கள் தாத்தா பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித்தொழில் நடத்திய இடத்தில், சமையலுக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனார். அந்தக் காலத்தில் கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாகவோ சமையலுக்கோ ஒருத்தனை அக்கரைக்கு அனுப்புவதென்றால் படிப்பைப் பார்த்து அனுப்பவில்லை. ஊரில் யார் வீட்டுப் பையன், யார் பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். மூணு வருஷக் கெடு முடிந்து திரும்பியவன் ஒழுங்கானவன் என்று பேர் எடுத்தால் அவன் தம்பிக்கும் வழி கிடைத்தது. படகு உலகம் இன்னும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் பயணம் குட்டியாக இருக்கட்டும், ரெண்டு நாள் ஓட்டம் போதும். இறங்கும்போது கேப்டனிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படகு அந்த நாலு வரியில் கிடைக்கும்.

அதே கேள்வியைத் திருப்பி அவரைப் பற்றியும் கேட்கணும். ஏற வேண்டாம் என்று நான் இறங்கி வந்த படகு ஒன்று உண்டு. பேச்சு தேன். படகும் பளபளப்பு. உயிர்காப்பு மிதவையின் உறையில் ஒட்டியிருந்த சர்வீஸ் தேதி காலாவதியாகிப் பல வருஷம். கேட்டதற்கு, "அதைத் திறக்க வேண்டிய நிலைமை வராது" என்று சிரித்தார். முந்தின ஆட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முட்டாள்கள். பத்துப் பேர் வந்து போய், பத்துப் பேரும் முட்டாள் என்றால் குறை யாரிடம்? நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பார்க்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிடலாம். நல்ல கேப்டன் சந்தோஷப்படுவார். எனக்கென்று ஒரு மிதவைச் சட்டையும், படகோடு கொக்கி மாட்டும் வாரும் இருக்கிறதா? அவசரக் காலத்தில் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி பதிவாகி இருக்கிறதா? தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணீர் எவ்வளவு? ராத்திரியில் கொக்கி மாட்டாமல் யாரும் மேலே வரக்கூடாது என்ற விதி உண்டா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பழகிடும்" என்று பதில் வந்தால் இறங்கிவிடுங்கள். ஆண்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: ராத்திரியில் படகின் பின்னால் நின்று ஒன்றுக்குப் போகக்கூடாது. உள்ளே போய் உட்கார்ந்து போங்கள். அப்படி நின்று கடலில் விழுந்தவர்கள் கதை ஒவ்வொரு மரீனாவிலும் ஒன்று உண்டு.

பெண்கள் கேட்டால் இன்னும் கறாராகச் சொல்வேன். தனி ஆண் கேப்டன் மட்டும் இருக்கிற படகில் முதல் பயணம் வேண்டாம். தம்பதி இருக்கிற படகாகப் பாருங்கள். முன்னால் அந்தப் படகில் போன ஒரு பெண்ணோடு போனில் பேசாமல் முடிவெடுக்க வேண்டாம். படகின் பெயர், பதிவு எண், அதன் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் மூன்றையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். கொடுத்திருக்கிறேன் என்று கேப்டனிடமும் சொல்லுங்கள், அவர் முகத்தையும் பாருங்கள். படுக்கை எங்கே, கதவு உண்டா என்பதெல்லாம் கேட்கக்கூடாத கேள்வி இல்லை. முதலில் அருகில் ஒருநாள் ஓட்டம் போய், பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் இறங்கலாம். எதற்கும் விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

காசு விஷயத்தைக் கரையிலேயே பேசி முடிக்கணும். சாப்பாடு, கேஸ், சில இடங்களில் டீசல், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றில் பங்கு கேட்பது வழக்கம், நியாயமும்கூட. பாய் கிழிந்தது, எஞ்சின் போனது எல்லாம் அவர் பாடு. நாளுக்கு இவ்வளவு என்று பெரிய தொகை கேட்டால் அது வேறு தொழில். பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க உரிமமும் அதற்கேற்ற காப்பீடும் வேண்டும், இருக்கிறதா என்று கேளுங்கள். நம் சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் நடுக்கடலுக்குச் செல்லாது, விதிமுறையை எழுத்து எழுத்தாகப் படிக்கணும். எங்கே சண்டை வந்தாலும் அங்கிருந்தே ஊர் திரும்ப டிக்கெட் காசைத் தனியாக வைத்திருங்கள். அந்தக் காசு கையில் இல்லாதவர்தான் கெட்ட படகில் மாட்டிக்கொண்டு கிடப்பார்.

வாந்தி விஷயம், அம்மாவுக்காக. முதல் ரெண்டு மூணு நாள் பெரும்பாலானவர்களுக்குக் குமட்டும், அப்புறம் உடம்பு பழகும். அவோமின் மாத்திரை தூக்கம் தரும். அதனால் டாக்டரைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே ஒரு லீவு நாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கிளம்பிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். அடிவானத்தைப் பாருங்கள், கீழே போய் போனை நோண்டாதீர்கள். சுக்கான் பிடிக்கச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள், அது பாதி மருந்து.

கடைசியாகக் காகிதம், இதில் கோட்டை விட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கியது, அதுதான் இந்தப் பக்கத்தைச் சுலபமாக்கியது. ஆனால் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடுகிற வாரத்தில் மறுபடியும் பாருங்கள். விமானத்தில் வந்தால் ஒரு விதி, சொந்தப் படகில் வந்தால் வேறு விதி என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. படகில் சேர ஒருவழி டிக்கெட்டில் போனால் திருச்சி விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடும்; படகின் பெயரும் பதிவு எண்ணும் போட்டு, இந்த ஆள் என் படகில் சேர வருகிறார், இங்கிருந்து இன்ன நாட்டுக்குப் போகிறோம் என்று கேப்டன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

புதிய நாட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றிவிட்டு, அதிகாரிகள் முடித்துத் தரும்வரை நீங்கள் கரையில் கால் வைக்கக்கூடாது. படகின் ஆள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்வரை உங்களுக்குக் கேப்டன்தான் பொறுப்பு. விட்டுவிட்டுப் போனால் அவர் தலையில்தான் விழும், பல இடங்களில் உங்களை ஊருக்கு அனுப்பும் செலவு உட்பட. அதனால் இறங்குகிற துறைமுகத்தில் கேப்டனோடு குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய், பட்டியலிலிருந்து பெயரை எடுத்ததற்கு முத்திரை போட்ட காகிதம் வாங்குங்கள். அலுவலகம் சாப்பாட்டு நேரத்துக்கு மூடியிருந்தால் திறக்கும்வரை வாசலில் உட்காருங்கள், விமானம் மறுநாளுக்கு இருக்கட்டும்.